பாக்கெட் ரிவால்வரின் மேற்பூச்சு: எது தாங்கும், எது உரியும், எப்படிப் பராமரிப்பது

சட்டைக்கு உள்ளேயோ பாக்கெட்டிலோ வைத்துச் சுமக்கும் ஐந்து ரவை ரிவால்வர் சுடப்படுவது அபூர்வம். உடம்போடு ஒட்டிக் கிடப்பதோ அன்றாடம் பல மணி நேரம். அதனால் அதன் மேற்பூச்சைத் தின்பது வெடிமருந்துப் புகையைவிட வியர்வையும், பாக்கெட் பஞ்சும், உறையின் உராய்வும்தான். கடையில் கண்ணாடிக்குப் பின்னால் அழகாகத் தெரிகிற பூச்சு ஒரே கோடையில் செம்பழுப்புப் புள்ளி போடுவதும், கவனிப்பாரற்ற மங்கலான துப்பாக்கி இருபது வருடம் கெடாமல் இருப்பதும் இதனால்தான்.

பெரும்பாலான வழிகாட்டிகள் பூச்சுகளை மட்டும் வரிசையாக வைத்து மதிப்பெண் போடுகின்றன. அது பாதி வேலை. அடியில் என்ன உலோகம் என்று தெரியாமல் பூச்சைப் பற்றிப் பேசிப் பயனில்லை. முதலில் உலோகம், அடுத்து தேயும் இடம், அதற்குப் பிறகே பூச்சு. இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது.

இந்த வகைத் துப்பாக்கியின் தாயகம் அமெரிக்கா. கோல்ட் நிறுவனத்தின் ஆறு ரவை டிடெக்டிவ் ஸ்பெஷல் 1927-இல் வந்தது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ஐந்து ரவை சீஃப்ஸ் ஸ்பெஷல் 1950-இல் வந்து, பிற்பாடு மாடல் 36 என்று எண் பெற்றது. இன்றைக்கும் சுமக்கும் ரிவால்வர் என்றால் அந்த ‘ஜே பிரேம்’ (ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் சிறிய உடற்சட்டம்) அளவுதான் அளவுகோல். கீழே வரும் உதாரணங்களில் பெரும்பாலானவை அங்கிருந்து வந்தவை.

படி 1: காலி செய்யுங்கள்

சிலிண்டரை (ரவைகள் நிற்கும் சுழல் உருளை) திறந்து, பேரலின் வாயை மேல்நோக்கிப் பிடித்து, வெளியேற்றும் தண்டை ஒரே அழுத்தாக அழுத்துங்கள். வந்து விழுந்த ரவைகளை எண்ணுங்கள். ஐந்து அறை என்றால் ஐந்து இருக்க வேண்டும். ஒவ்வொரு அறையையும் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பாருங்கள். ரவைகளை வீட்டின் வேறொரு அறையில் வைத்துவிட்டு வந்து உட்காருங்கள். துடைக்கும் மேசையில் ரவை இருக்கவே கூடாது. பாதுகாப்புக்காக மட்டும் சொல்லவில்லை. ஊடுருவும் எண்ணெய் ரவையின் அடியில் தீமூட்டும் பிரைமருக்குள் இறங்கினால் அவசரத்தில் அது வெடிக்காமல் போகும்.

படி 2: உங்கள் கையில் இருப்பது என்ன உலோகம்?

ஒரு சின்னக் காந்தம் போதும். பிரேம் (உடற்சட்டம்), சிலிண்டர், பேரல் (குழல்) மூன்றிலும் தனித்தனியாக வைத்துப் பாருங்கள்.

மூன்றிலும் பலமாக ஒட்டி, நிறம் கருநீலமாக இருந்தால் அது கார்பன் எஃகு. பழைய மாடல் 36, டிடெக்டிவ் ஸ்பெஷல் எல்லாம் இதில் சேரும். மூன்றிலும் ஒட்டி, நிறம் வெள்ளியாக இருந்தால் ஸ்டெயின்லெஸாகவும் இருக்கலாம், நிக்கல் முலாம் பூசிய கார்பன் எஃகாகவும் இருக்கலாம். துப்பாக்கிக்குப் பயன்படும் ஸ்டெயின்லெஸ் பெரும்பாலும் 400 வரிசையைச் சேர்ந்தது, காந்தத்தில் ஒட்டும். ‘ஒட்டினால் ஸ்டெயின்லெஸ் இல்லை’ என்ற சமையலறைக் கணக்கு இங்கே செல்லாது. நிக்கலில் லேசான மஞ்சள் சாயல் தெரியும், முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கும். ஸ்டெயின்லெஸ் கொஞ்சம் சாம்பல் பூத்ததுபோல் இருக்கும்.

சிலிண்டரில் ஒட்டி, பிரேமில் ஒட்டாவிட்டால் பிரேம் அலுமினியக் கலவை. பலர் ஏமாறுவது இங்கேதான். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் மாடல் 642 தலை முதல் கால் வரை ஒரே வெள்ளியாகத் தெரியும். கடையிலும் ‘ஸ்டெயின்லெஸ்’ என்றே சொல்லி விற்பார்கள். சிலிண்டரும் பேரலும் ஸ்டெயின்லெஸ் என்பது உண்மை. பிரேம் மட்டும் அலுமினியம், நிறம் ஒத்துப்போக அதன்மேல் பூச்சு. பிரேமைத் தேய்த்துத் துடைத்தால் அந்தப் பூச்சு போகும், கீழே வெற்று அலுமினியம் தெரியும், பிறகு அதை வீட்டில் திரும்பக் கொண்டுவர முடியாது. வழக்கமான 442-இலும் பிரேம் அலுமினியம்தான். ஆனால் சிலிண்டரும் பேரலும் கருமையாக்கிய கார்பன் எஃகு. ஒரே துப்பாக்கியில் இரண்டு உலோகம், இரண்டு பூச்சு, இரண்டு விதமான நோய்.

சிலிண்டரிலும் ஒட்டவில்லை என்றால் டைட்டானியம். 340பிடி-யில் ஸ்காண்டியம் கலந்த அலுமினியப் பிரேமும் டைட்டானியம் சிலிண்டரும் உண்டு. ரூகர் எல்சிஆர் 2009-இல் வந்தது. அலுமினிய மேற்சட்டம், பாலிமர் பிடிப்பகுதி, கருமையான மேற்பூச்சிட்ட ஸ்டெயின்லெஸ் சிலிண்டர். அதே எல்சிஆர் .357 ரவைக்கு வரும்போது மேற்சட்டமும் ஸ்டெயின்லெஸ் ஆகிவிடுகிறது. கான்பூர் ஆர்டினன்ஸ் தொழிற்சாலை 2014-இல் வெளியிட்ட .32 ரிவால்வர் ‘நிர்பீக்’ 500 கிராம் எடை கொண்டது, டைட்டானியக் கலவையில் செய்தது.

படி 3: தேய்மானத்தின் வரைபடம்

நல்ல வெளிச்சத்தில், முடிந்தால் பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியோடு, இந்த இடங்களைப் பாருங்கள்.

பேரலின் வாய் விளிம்பும் சிலிண்டரின் முன் விளிம்பும் உறைக்குள் நுழையும்போது முதலில் உராய்பவை. இங்கே பூச்சு போவது தவிர்க்க முடியாதது. எந்தப் பூச்சாக இருந்தாலும் கூரான விளிம்பில்தான் முதலில் போகும்.

சிலிண்டரைச் சுற்றி ஒரு மெல்லிய வளையக் கோடு விழுந்திருக்கும். சிலிண்டரைப் பூட்டும் குமிழ் உரசி உண்டாக்கும் கோடு அது. குமிழ் விழும் பூட்டுக் குழிகளுக்கு முன்னால் மட்டும் லேசாக இருந்தால் இயல்பானது. சுற்று முழுக்கப் பள்ளமாக விழுந்திருந்தால் பூச்சின் குறை இல்லை. குமிழ் சீக்கிரமாக விழுகிறது, அல்லது அதன் ஸ்பிரிங் கடுமையாக இருக்கிறது, அல்லது உரிமையாளர் திறந்த சிலிண்டரைச் சுழற்றிப் பட்டென்று மூடும் பழக்கம் உள்ளவர். இந்தக் கோட்டுக்காகப் பூச்சு மாற்றுவது வீண் செலவு.

பிடியின் கீழே மறைந்திருக்கும் சட்டம்தான் என் கணக்கில் மிக ஆபத்தான இடம். ரப்பர் பிடிக்கும் எஃகுக்கும் நடுவில் வியர்வை இறங்கி, காற்றுப் படாமல் நாள்கணக்கில் நிற்கும். வெளியே பளபளக்கும் துப்பாக்கியின் பிடியைக் கழற்றினால் உள்ளே செந்நிறப் பொருக்கு. மாதம் ஒருமுறை பிடித் திருகைக் கழற்றிப் பாருங்கள். பழைய துப்பாக்கி வாங்கப் போனாலும் முதலில் கழற்றிக் காட்டச் சொல்ல வேண்டியது பிடியைத்தான்.

பாக்கெட் பஞ்சு சேரும் இடங்கள்: விசையின் பின்பக்கம், நட்சத்திர வடிவ வெளியேற்றியின் அடிப்பகுதி, பின்காட்சிப் பள்ளம். பஞ்சு வியர்வையை உறிஞ்சி ஈரத்துணி போல உலோகத்தின்மேல் உட்கார்ந்திருக்கும். அலுமினியப் பிரேமில் ஸ்டெயின்லெஸ் திருகு தொடும் இடத்தையும் பாருங்கள். இரண்டு உலோகங்களும் உப்பு நீரும் சேர்ந்தால் சிறு மின்கலம் உருவாகி, அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும்.

படி 4: பூச்சுகள், ஒவ்வொன்றாக

*ப்ளூயிங்.* இது பூச்சு என்பதைவிடக் கட்டுப்படுத்திய துரு என்பதே சரி. சோடியம் ஹைட்ராக்சைடும் நைட்ரேட்டும் கலந்த கொதிநீரில் 135 முதல் 155 டிகிரி செல்சியஸ் வரை எஃகை முக்கினால், மேற்பரப்பு கருநிற மேக்னடைட்டாக மாறும். தடிமன் சுமார் ஒரு மைக்ரான். தலைமுடியின் தடிமனில் எழுபதில் ஒரு பங்குதான் இருக்கும். இதைத் தனியாக விட்டால் துருவை நிறுத்தாது. அதன் நுண்துளைகளில் எண்ணெய் நிற்கும், அந்த எண்ணெய்தான் காவல். எண்ணெய் வற்றினால் வியர்வைக்கு வழி திறக்கும். அழகும் பழமையும் வேண்டும் என்பவர்களுக்கு ப்ளூயிங்கை மிஞ்சியது இல்லை. ஆனால் வியர்க்கும் உடம்போடு ஒட்டிச் சுமக்க இது மிகப் பலவீனமான தேர்வு. இதன் மூத்த சகோதரியான துரு ப்ளூயிங்கில் அமிலம் தடவி, ஈரப்பதத்தில் துருவேற்றி, காய்ச்சி வடித்த நீரில் கொதிக்கவைத்து, மென்கம்பித் தூரிகையால் துடைப்பார்கள். இதைப் பல சுற்று செய்வதால் படலம் தடித்து, நன்றாகத் தாங்கும். கூலியும் அதற்கேற்ப ஏறும்.

பாட்டிலில் விற்கும் ‘கோல்ட் ப்ளூ’ கரைசல் செலினியமும் செம்பும் கலந்த படிவு. கீறலை மறைக்க மட்டும் பயன்படும். இரண்டு வாரம் உறைக்குள் போய் வந்தால் கிளம்பிவிடும்.

*பாஸ்பேட்.* மாங்கனீசு பாஸ்பேட் கரைசலில் கொதிக்கும் சூட்டுக்குச் சற்றுக் கீழே முக்கினால் 5 முதல் 15 மைக்ரான் தடிமனில் சொரசொரப்பான சாம்பல் படிகம் வளரும். ப்ளூயிங்கைவிட நிறைய எண்ணெயைப் பிடித்துவைக்கும். ராணுவத் துப்பாக்கிகளில் பார்த்திருப்பீர்கள். சிறு ரிவால்வரில் அபூர்வம்.

*நிக்கல்.* இதில் இரண்டு வகை, அவற்றைக் குழப்பக் கூடாது. பழைய பளபள நிக்கல் மின்முலாம். உலோகத்தோடு கலக்காமல் மேலே தோல் போலப் படிந்திருக்கும். அந்தத் தோலில் நுண்துளையோ கீறலோ விழுந்தால் வியர்வை கீழே போய் எஃகைத் துருவாக்கும். துரு ஊதி முலாமைக் கிளப்பும். சிலிண்டர் விளிம்பில் தொடங்கும் உரிதல் பிறகு நிற்பதில்லை. நிக்கலுக்குக் கீழே செம்புப் படலம் வைத்த துப்பாக்கிகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அம்மோனியா கலந்த செம்பு நீக்கும் கரைசலை ஊற்றிவைத்தால் அது கீறல் வழியே இறங்கி அடிச்செம்பைக் கரைக்கும், மேலே உள்ள நிக்கல் சருகாகப் பெயரும். நிக்கல் துப்பாக்கி என்றாலே அம்மோனியாவை ஒதுக்கிவிடுங்கள்.

மின்சாரம் இல்லாமல் ரசாயன வினையால் படியவைக்கும் நிக்கல்-பாஸ்பரஸ் வேறு ரகம். விளிம்பு, குழி எல்லா இடத்திலும் ஒரே தடிமனில் படியும். அதிகப் பாஸ்பரஸ் உள்ளது துருவுக்கு நல்லது, குறைந்த பாஸ்பரஸ் உள்ளது கடினம். இதோடு டெஃப்லான் துகள் சேர்த்தால் வழவழப்பும் கிடைக்கும். கார்பன் எஃகு ரிவால்வரை அன்றாடம் சுமந்தே ஆக வேண்டும் என்பவருக்கு என் முதல் பரிந்துரை இதுதான். கருநீல அழகு போய்விடும், துப்பாக்கி பிழைக்கும்.

*கடின குரோம்.* விக்கர்ஸ் என்ற கடின அளவையில் 850-க்கு மேல், உராய்வை அசட்டை செய்யும். குறை என்னவென்றால் அதன் இயல்பிலேயே நுண்விரிசல் வலை உண்டு. தடிமன் குறைந்தால் உப்பு நீர் உள்ளே போகும். முலாம் இடும்போது எஃகுக்குள் ஹைட்ரஜன் நுழைந்து அதை நொறுங்கத்தக்கதாக மாற்றும். சில மணி நேரத்துக்குள் சுமார் 190 டிகிரியில் சுட்டு வெளியேற்ற வேண்டும். ஸ்பிரிங்குகளைக் குரோம் தொட்டியில் போடவே கூடாது.

*ஸ்டெயின்லெஸ்.* இது பூச்சே இல்லை, உலோகம் முழுவதும் அதுவே. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் மாடல் 60 1965-இல் வந்தபோது முழுவதும் ஸ்டெயின்லெஸில் செய்த முதல் தொழிற்சாலை ரிவால்வராக இருந்தது. சுமப்பவர்கள் அதை உடனே எடுத்துக்கொண்டதற்குக் காரணம் வியர்வைதான். ஆனால் ஸ்டெயின்லெஸ் என்றால் துருவே பிடிக்காது என்று நினைக்க வேண்டாம். கடினப்படுத்த ஏதுவான 400 வரிசையில் குரோமியம் 12, 13 சதவீதம்தான். கடைசலுக்காக கந்தகம் சேர்த்த 416-இல் எதிர்ப்பு இன்னும் கொஞ்சம் குறையும். வியர்வையின் குளோரைடு அந்த மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலத்தில் ஊசிமுனை அளவு துளை போட்டு உள்ளே தோண்டும். தேநீர்க் கறைபோல மங்கலான பழுப்பு தெரிந்தால் அது ஆரம்பம். அப்போதே துடைத்தால் போய்விடும்.

ஸ்டெயின்லெஸைச் சாதா எஃகுக் கம்பளியால் தேய்க்காதீர்கள். உதிரும் கார்பன் எஃகுத் துகள்கள் மேற்பரப்பில் பதிந்து, அவையே துருவேறி, ‘ஸ்டெயின்லெஸ் துருப் பிடித்தது’ என்ற புகாராக வரும். இதன் பெரிய நன்மை வேறு: கீறல் விழுந்தால் நைலான் தேய்ப்பு அட்டையால் ஒரே திசையில் இழுத்து மறைக்கலாம். உரிந்துபோக மேலே பூச்சே இல்லாத மேற்பரப்பு இது.

*அனோடைசிங்.* அலுமினியப் பிரேமுக்கு உரியது. சல்ப்யூரிக் அமிலத் தொட்டியில் மின்சாரம் பாய்ச்சி, அலுமினியத்தையே அலுமினியம் ஆக்சைடாக வளர்ப்பது. சாதாரண வகை 25 மைக்ரானுக்கு உள்ளே, கடின வகை 50 மைக்ரான் வரை. பாதி உள்நோக்கியும் பாதி வெளிநோக்கியும் வளரும். சமதளத்தில் நன்கு தாங்கும். கூரான விளிம்பிலோ இரண்டு பக்கமும் வெளிநோக்கி வளர்ந்த படலங்கள் மூலையில் சேராமல் நடுவில் விரிசல் விடும். விளிம்பில் முதலில் வெள்ளை தெரிவது இதனால்தான். இதற்கு எதிரி அமிலத்தைவிடக் காரம். வீட்டுச் சமையலறைக் கிரீஸ் நீக்கி, அடுப்புச் சுத்தம் செய்யும் திரவம், காரச் சோப்புக் கரைசல் போட்ட அல்ட்ராசோனிக் தொட்டி ஆகியவை படலத்தைக் கரைத்து வெளிறச் செய்யும். ஒரு முறை நிறம் போன பிரேமை வீட்டில் மீட்க முடியாது.

வெள்ளி நிற அலுமினியப் பிரேம்களில் மேலே தெளிவான பூச்சு போடுவதுண்டு. பூச்சு விளிம்பில் கிளம்பியதும் வியர்வை அடியில் புகுந்து கொப்புளம் எழுப்பும். நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக வரும். நேரடியாக உடம்பில் ஒட்டிச் சுமப்பவருக்குக் கருப்பு அனோடைஸ் பிரேம்தான் பாதுகாப்பானது.

*பிவிடி, டிஎல்சி.* வெற்றிடத்தில் படியவைக்கும் 1 முதல் 5 மைக்ரான் படலம். 2000 விக்கர்ஸ் கடினம் சர்வசாதாரணம். உராய்வுக்கு இதற்கு இணை இல்லை. ஊசித்துளைகள் இருப்பதால் கார்பன் எஃகின்மேல் போட்டால் துருவைத் தடுக்காது. ஸ்டெயின்லெஸின்மேல் போட்டால் இரண்டின் நன்மையும் சேரும். இன்றைய சிறு ரிவால்வர்களில் மிக நீண்டு தாங்கும் இணை கருமையாக்கிய ஸ்டெயின்லெஸ்தான். உப்பு நைட்ரைடிங்கும் இதே தரத்தில் நிற்கும். சுமார் 580 டிகிரியில் எஃகின் தோலையே மாற்றுவதால் அது உரிவதில்லை. ஆனால் தொழிற்சாலையில் செய்யும்போதே நல்லது. ஏற்கெனவே பதப்படுத்திய பழைய துப்பாக்கியை அந்தச் சூட்டுக்கு அனுப்புவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

*செராகோட்.* பீங்கான் துகள் கலந்த பெயிண்ட். சரியாகப் போட்டால் துருவை மிக நன்றாகத் தடுக்கும். கடினத்தில் குரோமுக்கும் பிவிடிக்கும் அருகில் வராது. கீழே மணல் வீச்சு சரியில்லாவிட்டால் விளிம்பில் உரியும்.

*டைட்டானியம்.* தானே ஆக்சைடு படலம் வைத்துக்கொள்வதால் வியர்வை பற்றிக் கவலை இல்லை. கவலை வேறு. டைட்டானியம் சிலிண்டரின் முன்முகத்தில் படியும் கருவளையத்தைத் தேய்க்கக் கூடாது. பாதுகாப்புப் படலம் போய்விட்டால் வெப்ப வாயு டைட்டானியத்தை அரித்துக் குழி தோண்டும். கறை இருந்துவிட்டுப் போகட்டும். .357 டைட்டானியம் சிலிண்டரில் 120 கிரெயினுக்கு (குண்டின் எடை அளவு) குறைந்த குண்டைப் போட வேண்டாம் என்பதும் இதே காரணத்துக்காகச் சொல்லப்படுவது. பேரலுக்கு மேலே பிரேமில் சொருகியிருக்கும் சின்ன எஃகுத் தகடு சுடரைத் தாங்குவதற்கு. அதையும் சுரண்டாதீர்கள்.

விளம்பரங்களில் ‘ஏஎஸ்டிஎம் பி117 சோதனையில் இத்தனை மணி நேரம்’ என்று போடுவார்கள். 35 டிகிரி அறையில் 5 சதவீத உப்புநீர் தூவி அசையாமல் வைக்கும் சோதனை அது. பாக்கெட்டில் உப்பும் உராய்வும் ஒன்றாக வரும். அந்த எண்ணை ஒரே வகைப் பூச்சுகளுக்கு இடையே ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: சுமக்கும் விதத்துக்கு ஏற்பத் தேர்வு

இடுப்பில் தோலோடு ஒட்டிச் சுமக்கிறீர்கள், வியர்வையும் அதிகம் என்றால்: கருமையாக்கிய ஸ்டெயின்லெஸ் சிலிண்டரும் கருப்பு அனோடைஸ் பிரேமும், அல்லது முழு ஸ்டெயின்லெஸ். ஃபுளோரிடா, ஹூஸ்டன் போன்ற ஈரக்காற்று ஊர்களில் வேறு தேர்வு பற்றி யோசிக்க வேண்டாம். சென்னைக் கடற்கரைக் காற்றும் அதே குணம்தான்.

பாக்கெட்டில் உறையோடு என்றால் எடைதான் முக்கியம், அலுமினியம் சரி. பஞ்சை மட்டும் வாரம் ஒருமுறை ஊதி எடுங்கள். கணுக்காலில் கட்டுபவருக்குத் தெருப்புழுதி பெரிய எதிரி. புழுதி உறைக்குள் ஏறி உப்புத்தாள் போல வேலை செய்யும். மெல்லிய முலாம் எதுவும் நிற்காது. வெறும் ஸ்டெயின்லெஸ் நல்லது, ஏனெனில் தேய்ந்தாலும் இழக்க எதுவும் இல்லை.

படி 6: அன்றாடப் பராமரிப்பு

தினமும் கழற்றி வைக்கும்போது காலி செய்து, உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் ஒரு துடைப்பு. பத்து விநாடி போதும். பிறகு சிலிகோன் ஊறிய துணியாலோ, ஒரு சொட்டு எண்ணெய் தடவிய துணியாலோ எஃகுப் பகுதிகளை மட்டும் தொடுங்கள். எண்ணெய் வழிந்தால் பஞ்சை இழுக்கும். கைவிரல் தடம் தெரியாத அளவு படலம் போதும்.

வாரம் ஒருமுறை நைலான் தூரிகையால் நட்சத்திர வெளியேற்றியின் அடியைத் தட்டி எடுங்கள். எரியாத ஒரு மருந்துத் துகள் அங்கே சிக்கினாலே சிலிண்டர் மூடாமல் அடம்பிடிக்கும்.

மாதம் ஒருமுறை பிடியைக் கழற்றி, மறைந்த சட்டத்தில் கார்நவுபா மெழுகு பூசி, காய்ந்ததும் துடைத்து மாட்டுங்கள். எண்ணெய் வியர்வையில் கழுவப்படும், மெழுகு நிற்கும். கார்பன் எஃகு வைத்திருப்பவர் இதை ஒன்றே ஒன்றாகச் செய்தாலும் துப்பாக்கி காலம் கடக்கும்.

தோல் உறைக்குள் வைத்துப் பூட்டிவைக்காதீர்கள். பதனிட்ட உப்பும் ஈரமும் தோலில் இருக்கும், சில வாரத்தில் துருப் பதிவு விழும். இரவில் உறையை விட்டு வெளியே எடுத்து, சிலிகா ஜெல் போட்ட பெட்டியில் வையுங்கள். நிறம் மாறும் வகைச் சிலிகா வாங்கினால் எப்போது அடுப்பில் உலர்த்த வேண்டும் என்று தெரியும்.

துருப் புள்ளி தெரிந்தால்: ப்ளூயிங்கில் எண்ணெய் ஊறவிட்டு ஒரு நாள் காத்திருந்து, வெண்கலக் கம்பளியால் எண்ணெயோடு மெதுவாக வருடுங்கள். வெண்கலம் எஃகைவிட மென்மை, பொருக்குத் துருவோ எளிதில் உதிரும். அதனால் துரு கிளம்பும், ப்ளூயிங் பெரும்பாலும் நிற்கும். சிலிண்டர் முகத்தின் கரியைத் துடைக்க விற்கும் மஞ்சள் நிற ஈயம் நீக்கும் துணியை ப்ளூயிங்கில் தொடவே கூடாது. இரண்டே இழுப்பில் நீலம் போய் வெள்ளை எஃகு பல்லிளிக்கும்.

படி 7: மறுபூச்சுக்குக் கொடுக்கும்போது

முதலில் சட்ட விதிகள். அமெரிக்காவில் மற்றவர் துப்பாக்கிக்குப் பூச்சு வேலை செய்வதைத் தொழிலாக நடத்த கடைக்கு ஃபெடரல் உரிமம் வேண்டும். இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டத்தின்படி பழுதுபார்க்கவே உரிமம் தேவை. உரிமம் பெற்ற டீலர் வழியாக மட்டுமே கொடுங்கள். இரண்டு நாட்டிலும் சீரியல் எண் தேய்ந்து மறைந்தால் துப்பாக்கி சட்டவிரோதப் பொருளாகும். பிடியின் அடியில் இருக்கும் எண்ணை மெருகேற்றும் சக்கரத்துக்கு விடக் கூடாது என்று எழுதியே கொடுங்கள்.

அடுத்தது கணக்கு. சிலிண்டரின் முன்முகத்துக்கும் பேரலின் பின்முனைக்கும் இடையில் இருக்கும் இடைவெளி வழக்கமாக 0.10 முதல் 0.25 மில்லிமீட்டர். சிலிண்டரைப் பின்னோக்கித் தள்ளிப் பிடித்து ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அளந்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். உங்கள் துப்பாக்கியில் 0.10 என்று வைப்போம். செராகோட் ஒரு முகத்துக்கு 25 மைக்ரான். இரண்டு முகத்திலும் போட்டால் 50 மைக்ரான், அதாவது 0.05 மில்லிமீட்டர். பாதி இடைவெளி போச்சு. இரண்டு சுற்று சுட்டதும் சூட்டில் சிலிண்டர் விரியும், கரியும் படியும், அப்போது சுற்றாமல் பிடித்துக்கொள்ளும். எனவே அறைகளின் உட்சுவர், சிலிண்டர் முன்முகம், பேரலின் பின்முனை, நட்சத்திரம் உட்காரும் பள்ளம், பற்சக்கரம், பூட்டுக் குழிகள், சிலிண்டர் சுழலும் தண்டு, அது நுழையும் துளை, திருகு மரைகள் எல்லாவற்றையும் மறைத்து விடச் சொல்லுங்கள். கடைக்காரர் ‘அதெல்லாம் பார்த்துக்கொள்கிறோம்’ என்று சொன்னால் போதாது. எந்தெந்த இடம் என்று அவர் வாயால் வர வேண்டும்.

அலுமினியப் பிரேம் ப்ளூயிங் தொட்டிக்குள் போகவே கூடாது. சூடான காரத்தில் அலுமினியம் கரைந்து, நுரைத்து, ஹைட்ரஜன் கிளப்பிக் காணாமல் போகும்.

பிரேமின் பக்கவாட்டை மூடும் பக்கத் தகட்டைத் திருகுளியால் நெம்பினால் விளிம்பில் விழும் பள்ளம் எந்தப் பூச்சிலும் தெரியும். திருகுகளைக் கழற்றிய பின் பிடிச் சட்டத்தை மரக் கைப்பிடியால் தட்டினால் தகடு அதிர்ந்து தானே எழும். மெருகுச் சக்கரத்தில் அதிகம் பிடித்தால் தகட்டின் பொருத்துக் கோடு வட்டமாகும், திருகுத் துளை கிண்ணம் போலக் குழியும், எழுத்துகள் மழுங்கும். மறுபூச்சு செய்த துப்பாக்கியை விவரம் தெரிந்தவர் ஒரு பார்வையில் கண்டுபிடிப்பது இதனால்தான். சுத்தியும் விசையும் மேற்பரப்பு கடினப்படுத்தியவை. அவற்றை மெருகேற்றவோ கறுப்பாக்கவோ சொல்லாதீர்கள்.

செராகோட்டின் சரியான வரிசை இது: அசிட்டோனில் ஊறவைத்துக் கொழுப்பு நீக்குவது, சுமார் 150 டிகிரியில் சுட்டு மறைந்த எண்ணெயை வியர்க்கவைத்து மீண்டும் கழுவுவது, 100 எண் அலுமினியம் ஆக்சைடு மணலால் சீராக வீசுவது, கையுறையோடு மட்டும் தொடுவது, தெளிப்பது, 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சுடுவது. இரண்டாவது கட்டத்தைத் தவிர்த்தால் மரையில் ஒளிந்த எண்ணெய் அடுப்பில் கசிந்து, பூச்சில் மீன்கண் போலப் புள்ளி விழும். சூடான ப்ளூயிங்கில் இதற்கு இணையான கோளாறு உப்புக் கசிவு. பேரலும் பிரேமும் சேரும் மரையில் தங்கிய உப்பு மூன்று வாரம் கழித்து வெள்ளையாகப் பூத்து வெளியே வரும். வெந்நீரில் மறுபடி கொதிக்கவைத்து எண்ணெயில் மூழ்கவைத்தால் நிற்கும்.

துப்பாக்கி திரும்பி வந்ததும் காலியாக இருப்பதை உறுதிசெய்து, அதே ஃபீலர் கேஜை எடுங்கள். பழைய அளவோடு ஒப்பிடுங்கள். இடைவெளி 0.10-க்குக் கீழே போயிருந்தால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள். பாதுகாப்பான திசையில் பிடித்து, விசையை மெல்ல இழுத்து ஐந்து அறைகளையும் ஒன்றொன்றாகச் சுற்றவிடுங்கள். ஒரு அறையில் மட்டும் கனமாக இழுத்தால் பற்சக்கரத்தில் பூச்சு படிந்திருக்கிறது. பயிற்சிக்கான போலி ரவைகளைப் போட்டு, வாயை வானத்துக்குத் தூக்கி, வெளியேற்றும் தண்டை அழுத்துங்கள். ஐந்தும் தடையின்றி விழ வேண்டும். ஒன்று தயங்கினாலும் அறையின் வாய்க்குள் பூச்சு போயிருக்கிறது. கடைசியாக மைதானத்தில், நீங்கள் சுமக்கும் அதே ரவையில் ஐம்பது சுட்டு, சூடு ஆறுமுன் சிலிண்டரை விரலால் சுழற்றிப் பாருங்கள். குளிர்ந்திருக்கும்போது சுற்றிய சிலிண்டர் அந்தச் சூட்டிலும் உரசாமல் சுற்றினால் துப்பாக்கியை உறையில் வைக்கலாம்.